ஈயாதார் ஏற்றிய பழி

மக்கட்கு மக்கள் செய்யும் தீங்குகள் பலவற்றுள்ளும் பெயரிட்டுச் செய்யுந் தீங்கே கொடிதென்பது எமது கருத்து. கோலெடுத்து அடித்தவன்மேல் வழக்குண்டு. பொருளைக் கவர்ந்தவன்மேலும் வழக்குண்டு. 'இவள் சூனியக்காரி' என ஒருவர் வாய் திறந்து சொல்லிவிடின், அச்சொல்லை மீட்டற்கு வழி யாது? சொல்லப்பட்டவள் மறுப்பாளாயின், மறுப்பதே அவள் வஞ்சனைக்குச் சான்றென்பர். அழுவாளாயின் நடிக்கின்றாள் என்பர். வாளாவிருப்பின் ஒப்புக்கொண்டாள் என்பர். இத்தகைய பெயர் எவர் நாவிற் பிறக்கின்றது, எவர் தலைமேற் சென்று விழுகின்றது, அதனைத் தாங்கி நிற்குந் தூண் யாது என ஆராய்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாம்.

இவ்வாராய்ச்சிக்கு, இங்கிலாந்தில் தியூடர் மரபினர் அரசு செலுத்திய 16ஆம் நூற்றாண்டை முதற்கண் எடுத்துக்கொள்கின்றோம். தமிழ்ப் பகுதியில் ஆங்கில நாட்டு வழக்குகள் எற்றுக்கு என வினவும் அன்பர்கள் சிறிது பொறுப்பாராக. அக்காலத்து வழக்குகள் சில, நடந்த ஆண்டிலேயே சிறு நூல்களாக அச்சிடப்பெற்றன. ஆதலின் அயலார் என்ன சொல்லிக் குற்றஞ்சாட்டினர் என்பதை இன்றும் நாம் படித்தறியக் கூடும். நம் நாட்டுச் சிற்றூர்களில் இத்தகைய பழிகள் திண்ணையிற் பிறந்து தெருவிற் பரந்து, ஏட்டிலேறாமல் மறைகின்றன. ஏட்டிலேறிய அயல்நாட்டு வழக்கைக் கண்ணாடியாகக் கொண்டு, ஏட்டிலேறாத நம்மூர் வழக்கை நோக்குதல் பயனுடைத்து.

எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தே, 1542இல், மந்திரவினையை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் முதன்முதல் இங்கிலாந்திற் பிறந்தது. அவர் மகனார் ஆறாம் எட்வர்டு பட்டமெய்திய 1547இல் அது நீக்கப்பட்டது. பின்னர் எலிசபெத்து அரசியார் ஆட்சியில், 1563இல், வேறொரு சட்டம் இயற்றப்பெற்றது. மந்திரத்தால் ஓர் உயிரைக் கொன்றார் எனத் தீர்மானிக்கப்பட்டவர்க்குத் தூக்கு. உடற்கேனும் உடைமைக்கேனும் ஊறு செய்தார் எனின், முதன்முறை ஓராண்டுச் சிறை. அவ்வாண்டினுள் காலாண்டுக்கு ஒருமுறை சந்தைவெளியில் மரச்சட்டத்தில் தலையும் கையும் பூட்டப்பெற்று ஆறு மணி நேரம் நிற்றலும் உண்டு. இரண்டாம் முறையாயின் தூக்கே. பலரும் எண்ணுமாறு இங்கிலாந்தில் இக்குற்றத்திற்காக எவரையும் எரிக்கும் வழக்கமில்லை, தூக்கிலிட்டனர். ஐரோப்பாக் கண்டம் முழுமையும் 40,000க்குக் குறையாதார் இப்பழியால் மாண்டனர் என்றும், இங்கிலாந்தில் மாண்டார் ஏறத்தாழ 500 பேர் என்றும் வரலாற்றறிஞர் மதிப்பிடுவர். அவருட் பெரும்பாலார் பெண்டிர், ஏழையர், முதியர்.

1566ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துச் செம்ஸ்போர்டு நகரில் நடந்த வழக்கினை முதலிற் காண்போம். ஹாட்பீல்டு பெவரல் என்னுஞ் சிற்றூரினளாகிய அக்னெஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் முதியவள், கணவனை இழந்தவள். அகவை அறுபதைக் கடந்தவள். சாத்தான் எனப் பெயரிய பூனையொன்றை ஏவி, அயலார் பன்றிகளையும் பசுவையும் வாத்துகளையும் மாய்த்தாள் என்பதும், ஓர் ஆண்மகனை நோயுறுத்திக் கொன்றாள் என்பதும் அவள்மேல் வந்த பழிகள். அரசியாரின் வழக்குரைஞர் அவளை நோக்கி, அப்பூனையை இப்பொழுதே மன்றத்தில் வரவழைக்க இயலுமோ என வினவினர். தன்னால் இயலாதென அவள் விடையிறுத்தாள். ஜூலை 29ஆம் நாள் அவள் தூக்கிலிடப்பட்டாள். அவள் மகள் ஜோன், பதினெட்டு அகவையினள், அவளும் உடன் நிறுத்தப்பட்டாள். அவள் செய்த தீங்கு யாது? வீட்டில் உணவில்லாத ஒருநாள், அண்டை வீட்டுச் சிறுமியொருத்தியிடஞ் சென்று ரொட்டியும் பாற்கட்டியும் கேட்டனள். கேட்டது நிறையக் கிடைக்கவில்லை. அதன்பின் கொம்புடைய கருநாயொன்று தன்முன் தோன்றிற்றென்று அப்பன்னிரண்டு அகவைச் சிறுமி சான்று கூறினாள். ஜோன் குற்றமற்றவள் என விடப்பட்டாள். ஆயினும் வழக்கின் வேர் எங்கிருந்தது என்பதனை ஈண்டே காண்கின்றோம். பசித்தவள் கேட்டாள், உடையவள் மறுத்தாள், மறுத்தவள் அஞ்சினாள்.

1582இல் அதே எஸ்ஸெக்ஸில், செயிண்ட் ஓசித் என்னும் ஊரில், அர்சுலா கெம்ப் என்பாள் சிக்கினாள். இவள் செவிலியும் நாட்டு மருத்துவம் தெரிந்தவளும் ஆவாள். கிரேஸ் தர்லோ என்னும் அயல்வீட்டாளின் மகன் நோயுற்றகாலை இவள் வந்து பார்த்தாள், அவன் பிழைத்தான். அடுத்த குழந்தை பிறந்தபொழுது, கிரேஸ் இவளைச் செவிலியாக அமர்த்தாமல் விடுத்தாள். அதனால் மனக்கசப்பு உண்டாயிற்று. அக்குழந்தை தொட்டிலினின்று விழுந்து இறந்தது. பின்னர்க் கிரேஸ் முடக்குநோயுற்று இவளையே அழைத்தாள், இவள் பன்னிரண்டு பென்சு கூலி பேசி மருத்துவஞ் செய்தாள், நோய் தணிந்தபின் கிரேஸ் கூலியைக் கொடுக்கவில்லை, நோய் திரும்பிற்று. இவ்வளவே வழக்கு. பிரயன் டார்சி என்னும் நீதிபதி, இவளுடைய எட்டு அகவை மகனைத் தனியே வினவிச் சாட்சியம் பெற்றார். ஒப்புக்கொள்வார்க்கு இரக்கங் காட்டப்படும் என்றார். அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள் அர்சுலா. காட்டப்பட்ட இரக்கம் தூக்குமரமே. கொடுக்கவேண்டிய கூலியைக் கொடாதவள் குற்றஞ்சாட்டினாள். கூலி பெறாதவள் தொங்கினாள்.

இவ்வழக்குகள் நடந்த காலத்திலேயே இதனைக் கண்டுணர்ந்த ஒருவர் இருந்தார். கெண்ட் மாவட்டத்தினராகிய ரெஜினால்டு ஸ்காட் என்பார், 1584இல், மந்திரவினைப் பழிகளை மறுத்துப் பெரியதொரு நூல் வெளியிட்டார். பழிசுமக்கும் பெண்டிர் வீடுதோறுஞ் சென்று பாலும் புளிப்பும் கூழும் இரந்துண்ணும் ஏழை முதியோரே என்றும், அவர் ஒப்புக்கொள்வனவெல்லாம் அச்சத்தாலும் மனமயக்கத்தாலும் வருவன என்றும் அவர் எடுத்துக்காட்டினார். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கழிந்தபின், 1970இல் ஆலன் மாக்பர்லேனும் 1971இல் கீத் தாமசும் எழுதிய வரலாற்று நூல்கள் அதனை மேலும் விளக்கின. ஊரார் ஒருவர்க்கொருவர் கைகொடுத்து வாழ்ந்த பழைய முறை தளர்ந்து, 'என்னது எனக்கே' என்னும் எண்ணம் வளர்ந்த காலம் அது. வாயிலில் வந்து நின்ற கிழவியை வெறுங்கையோடு அனுப்பியவர் நெஞ்சு உறுத்திற்று. அவள் முணுமுணுத்துச் சென்றாள். மறுநாள் கன்று நோயுற்றால், உறுத்திய நெஞ்சு உடனே ஒரு கணக்கிட்டது: 'யான் அவளுக்குத் தீங்கு செய்தேன், ஆதலின் அவள் எனக்குத் தீங்கு செய்திருத்தல் வேண்டும்' என்று. தன் குற்றத்தைத் தான் சுமக்க மாட்டாதவன் அதனைக் கிழவியின் தலைமேலேற்றினான். மாக்பர்லேனும் தாமசும் கூறும் காரணங்கள் பலவற்றுள் இதுவே எம் உள்ளத்தைத் தொட்டது.

இஃது அயல்நாட்டார்க்கே உரிய இயல்போ? அன்று. தமிழ் பயில்வார்க்குச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை யாம் நினைப்பூட்ட வேண்டுவதில்லை. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். அக்குற்றம் வெளிப்படுமுன் வேறொருவன் தலையிலேற்ற இடம் பார்த்திருந்தான், கோவலன் வந்தான். கொல்ல வந்த காவலர் கோவலனை நோக்கி, இவன் கள்வன்போலத் தோன்றவில்லையே எனத் தயங்கினர். அப்பொழுது பொற்கொல்லன் என்ன சொன்னான் என்பதனைக் கூர்ந்து நோக்குக. கள்வர்க்குத் துணையாவன எட்டென்று எண்ணி, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று தொடங்கினான். மந்திரத்தால் உருக்கரந்து திரிவர் என்று விரித்தான். கண்ணுக்குத் தெரிந்த நற்றோற்றத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஆற்றலைக் காட்டி மறைத்துவிட்டான். காவலருள் கல்லாத களிமகன் ஒருவன் வாளெறிந்தான். அரசனோ முன்னரே ஆராயாமல் ஆணையிட்டிருந்தான்.

ஹாட்பீல்டு பெவரலும் மதுரையும் ஈண்டு ஒன்றாதல் காண்க. மறைவான ஆற்றலைக் குற்றமாகச் சாட்டிவிட்டால், குற்றமின்மையைக் காட்டுதற்குரிய வழிகளெல்லாம் அடைபடுகின்றன. அவ்விடத்தில் இல்லை என ஒருவன் மெய்ப்பிப்பானாயின், மந்திரத்தால் வந்தான் என்பர். கையிற் பொருளில்லை எனக் காட்டுவானாயின், மாயத்தால் மறைத்தான் என்பர். சாட்டியவன் எதனையும் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. கண்ணகி அரசவையில் நின்று கேட்டது இம்முறைக்கு நேர்மாறானது. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள், அரசியின் சிலம்பின் பரல் முத்தென்று அரசன் சொன்னான், உடைத்துப் பார்த்தனர், மாணிக்கம் தெறித்தது. கையாற் பற்றிக் கண்ணாற் காணுஞ் சான்று இதுவே. மந்திரத்திற்கு மந்திரம் கூறி அவள் வழக்காடவில்லை.

இனி எம் நாட்டுப்புறத்திற்கு வருவாம். திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்டது கீரனூர். குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம். சூழவுள்ள சிற்றூர்களிற் பல வானம் பார்த்த நிலத்தை நம்பி வாழ்வன. மழை பொய்த்த ஆண்டில் வீட்டைத் தாங்குவது ஒரு கறவைப் பசு. அப்பசு ஒருநாள் கறவாதொழியின் அவ்வீட்டில் அடுப்பெரியுமோ என்னும் அச்சம் எழுதல் இயல்பே. இவ்வச்சத்தை யாம் எள்ளவில்லை. எஸ்ஸெக்ஸின் உழவர்க்கும் இவ்வச்சமே இருந்தது.

அத்தகைய சிற்றூரொன்றில் யாம் அறிந்தது இது. கைம்பெண்ணாகிய பாட்டி ஒருத்தி, மகனும் இல்லாள், மாலைப்பொழுதில் அடுத்த வீட்டு வாயிலில் நின்று உறைமோர் கேட்டாள். விளக்கு வைத்தபின் உப்பும் உறைமோரும் ஊசியும் வெளியே கொடுத்தலாகாது என்பது நம் வீடுகளில் வழங்கும் முறை. அம்முறையைச் சொல்லி அவளை அனுப்பிவிட்டனர். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே சென்றாள். மறுநாட் காலை பசுவின் மடி வீங்கிப் பாலிற் குருதி கலந்து வந்தது. வீட்டார் குறிசொல்வாரை நாடிச் சென்றனர். குறிசொல்வார் முதலிற் கேட்ட வினா, 'உங்கள் வாயிலுக்கு வந்து வயிறெரிந்து போனவர் எவர்?' என்பதாம். விடையைக் குறிசொல்வார் கூறவில்லை, சென்றவரே கூறினர். அன்றுமுதல் அத்தெருப் பிள்ளைகள் பாட்டியின் கையால் ஒன்றும் வாங்கியுண்ணலாகாதென்று தடுக்கப்பட்டனர். குழாயடியில் அவள் குடம் தனியே நின்றது. கால்நடை மருத்துவர் வந்து, இது கிருமியால் வரும் மடிநோய் என்று ஊசிபோட்டார். சில நாளில் பசு தேறிற்று. பசு தேறியபின்னும் பெயர் தேயவில்லை. பாட்டி ஊரைவிட்டுப் போயினாள்.

குறிசொல்வார் வினாவை மீண்டும் நோக்குக. எலிசபெத்து அரசியார் காலத்து ஆங்கிலச் சிற்றூர்களிலும் இத்தகையோர் இருந்தனர். தம்மை நாடி வந்தாரை நோக்கி, 'நுமக்கு ஐயம் எவர்மேல்?' என்று வினவி, அவர் நெஞ்சிலுள்ள பெயரையே கண்ணாடியிலும் நீரிலும் தோன்றச் செய்தனர். கேட்பவன் கொண்டுவந்த பெயரையே கேட்டவனுக்குத் திருப்பித் தந்து காசு பெறுதல் இத்தொழிலின் நுட்பம். வயிறெரிந்து போனவர் எவர் என்னும் வினாவிற்கு ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு விடையுண்டு. ஏனெனில் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பாத வீடு எங்கும் இல்லை.

ஒரு பாட்டி ஊரைவிட்டுப் போதல் சிறிதென்று கருதுவார், இந்தியப் பெருநாட்டின் பிற பகுதிகளைக் காண்பாராக. நாட்டுக் குற்றப் பதிவேட்டு நிறுவனத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் மந்திரவினை காரணமாக 85 கொலைகள் நிகழ்ந்துள்ளன. ஜார்க்கண்டு மாநிலத்துச் சுட்னி மஹதோ என்னும் அம்மையார், 1995இல், அயல்வீட்டுச் சிறுமி நோயுற்றமைக்குக் காரணம் இவரேயென்று ஊராராற் பழிக்கப்பட்டார். பஞ்சாயத்தார் தண்டம் விதித்தனர். அடித்தும் இழிவுசெய்தும் வீட்டினின்று விரட்டினர். இவர் தமக்குற்ற இன்னலையே படிப்பினையாகக் கொண்டு, அவ்வாறு பழிசுமந்த பிற பெண்டிர்க்குத் துணைநின்றார். அஸ்ஸாம் மாநிலத்துக் கோவால்பாரா மாவட்டத்தினர் பிருபாலா ராபா அம்மையார். இவர் மகன் நோயுற்றபொழுது, மூன்று நாளில் இறப்பான் என்று குறிசொல்வார் கூறினர். அவன் இறக்கவில்லை. அச்சொல் பொய்த்தமை கண்ட தாய், அத்தகைய சொல்லால் துன்புறுத்தப்படும் பெண்டிரைக் காத்தற்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தார். 2024ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் மறைந்தார். இருவர்க்கும் 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. பீகார் மாநிலம் 1999இலும், ஜார்க்கண்டு 2001இலும், சத்தீஸ்கர் 2005இலும், ஒடிசா 2013இலும், இராஜஸ்தான் 2015இலும் இதற்கெனத் தனிச்சட்டங்கள் கண்டன. அஸ்ஸாம் 2015இல் நிறைவேற்றிய சட்டத்திற்குக் குடியரசுத் தலைவரின் இசைவு 2018இற் கிடைத்தது; அது பிணையில் விடமுடியாத குற்றமாக இதனை வகுத்தது. 1563ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் சூனியக்காரி எனப் பெயர் சூட்டப்பட்டவளைச் சிறையிட்டது. 1999ஆம் ஆண்டின் பீகார்ச் சட்டம் பெயர் சூட்டியவனைச் சிறையிடுகின்றது. குற்றவாளி யாவன் என்னும் வினாவிற்கு விடை தலைகீழாய்த் திரும்புதற்கு 436 ஆண்டுகள் சென்றன. ஆயினும் பீகார், ஜார்க்கண்டுச் சட்டங்களில் பெயர் சூட்டியவனுக்கு விதித்த தண்டம் மூன்று திங்கட் சிறை, அல்லது 1000 ரூபாய், அல்லது இரண்டும். ஒருத்தியின் வாழ்வை அழித்த சொல்லின் விலை ஆயிரம் ரூபாய்தானோ என வினவுதல் தகும்.

கல்வி பரவின் இத்தீமை தானே ஒழியும் என்று நம் ஆசிரியருள்ளும் மாணவருள்ளும் பலர் கூறக் கேட்கின்றோம். இக்கூற்றை யாம் முழுதும் ஏற்கமாட்டேம். அதற்கு வார்பாய்ஸ் என்னும் ஊரின் வழக்கே சான்று. 1589இல் அவ்வூர்ச் செல்வர் ராபர்ட் திராக்மார்ட்டன் என்பாரின் பத்து அகவை மகள் வலிப்புற்றாள். நலம் கேட்க வந்த அயல்வீட்டு முதியவள் ஆலிஸ் சாமுவேலைக் கண்டு, இவளே சூனியக்காரி என்று அச்சிறுமி கூவினாள். சிறுமியின் சிறுநீர் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டது. கற்றறிந்த மருத்துவர் ஆய்ந்தனர். நோய் இன்னதெனக் காணாராய், அவருள் ஒருவர் மந்திரவினையை ஐயுறுமாறு குறிப்புக் கூறினர். தாம் அறியாததனை அறியோம் என்று சொல்ல அவர் கல்வி அவர்க்குத் துணைசெய்யவில்லை. 1592ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு நாட்களில் ஆலிஸ் ஒப்புக்கொண்டாள், உடனே மறுத்தாள், ஆயர்முன் கொண்டுசெல்லப்பட்டு மீண்டும் ஒப்புக்கொண்டாள். 1593ஆம் ஆண்டு ஏப்ரலில் அவளும் கணவனும் மகளும் ஒருங்கே தூக்கிலிடப்பட்டனர். கருவுற்றிருப்பதாகச் சொல்லி உயிர்தப்புமாறு சிலர் மகள் அக்னெஸுக்கு அறிவுரை கூறினர். மணமாகாத அவள், ஒரு பொய்ப்பழியோடு மற்றொரு பழியையும் தானே ஏற்க இசையவில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. மாண்டவர் உடைமைகள் அவ்வூர்த் தலைவர் சர் ஹென்றி கிராம்வெல் கைக்கு வந்தன. அவற்றின் மதிப்பு 40 பவுன். அத்தொகையைக் கொண்டு, மந்திரவினையின் தீமையைக் கண்டித்து ஹண்டிங்டன் நகரில் ஆண்டுதோறும் ஒரு பிரசங்கம் நிகழ்த்த அவர் ஏற்பாடு செய்தார். பிரசங்கஞ் செய்ய வந்தவர் கேம்பிரிட்ஜ் குயின்ஸ் கல்லூரியினர். 1736இல் இங்கிலாந்தின் மந்திரவினைச் சட்டம் நீக்கப்பட்ட பின்னரும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அப்பிரசங்கம் நடந்துவந்தது. தூக்கிலிடப்பட்ட ஏழையர் மூவரின் பொருளைக் கூலியாகப் பெற்று, கற்றவர் கழகமொன்று இருநூறாண்டுகள் அவர்மேற் பழி சொல்லிக்கொண்டிருந்தது என்னும் இச்செய்தி, கல்லூரியிற் பயிலும் ஒவ்வொருவரும் நெஞ்சிற் பதிக்கற்பாலது. கிறிஸ்தவராகிய எமக்கு இதில் நாணமும் உண்டு. பழைய ஏற்பாட்டின் யாத்திராகமத்து விதியொன்றைத் துணைக்கொண்டே அந்நாளைய குருமாரும் நீதிபதிகளும் இக்கொலைகளை அறமென்று கருதினர். எனக்குப் பிறன் யார் என்று வினவிய நியாயசாஸ்திரிக்கு நம் ஆண்டவர் அருளிய சமாரியன் உவமையும் அதே வேதாகமத்தில் இருந்தது. எனக்குப் பகைவன் யார் என்று வினவிக்கொண்டிருந்த அவர்க்கு அவ்வுவமை நினைவுக்கு வரவில்லை.

பொருளாசையும் பகைமையும் காரணமாகச் சாட்டப்படும் பழிகளும் உளவே, ஈயாமை ஒன்றே காரணமாமோ எனச் சிலர் வினவலாம். கைம்பெண்ணின் நிலத்தைக் கவர்தற்பொருட்டு அவளைச் சூனியக்காரி என்று விரட்டும் வழக்குகள் வடமாநிலங்களில் உண்டென்பதை யாமும் அறிவோம். ஆயினும் அவையும் எமது கருத்துக்கு மாறல்ல. உரியதைக் கொடாமையும் உரிமையைப் பறித்தலும் ஒரு நெஞ்சின் இரு செயல்களே. இரண்டிடத்தும், தவறு செய்தவன் தவறு செய்யப்பட்டவளைக் குற்றவாளியாக்குகின்றான். பொற்கொல்லன் செய்ததும் அதுவே.

ஆதலின் மருந்து யாது? மந்திரம் பொய்யென்று மேடையில் முழங்குதல் மட்டும் போதாது. மேடையில் முழங்குவார் வீட்டிலும் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், 'யார் கண் பட்டதோ?' என்னும் வினா எழக் காண்கின்றோம். 'யார்' என்னும் அவ்வினாவை 'யாது' என்று மாற்றுதல் முதற்கடன். காய்ச்சலுக்குக் காரணம் யாது, மடிவீக்கத்திற்குக் காரணம் யாது என்று வினவுவோமாயின், விடை மருத்துவரிடம் இருக்கும்; அண்டை வீட்டில் இராது. கால்நடைக்கு நோய் கண்டால் 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தற்கு நம்மனோர் கற்றுக்கொள்வாராக. தாயத்தாலும் மந்திரத்தாலும் நோய் தீர்ப்போம் என்று விளம்பரஞ் செய்தலை 1954ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கின்றது. அச்சட்டம் இருப்பதனையே பலர் அறியார். அதனை அறிவித்தல் படித்தவர் கடன்.

இரண்டாவது, பெயர் பிறக்கும்பொழுதே தடுத்தல். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ அன்பர்காள்! திண்ணையில் அமர்ந்திருக்கும்பொழுது, இன்னாள் செய்வினை வைத்தாள் என்று ஒருவர் தொடங்கின், வாளா கேட்டிருத்தலும் அப்பெயரைச் சுமந்து செல்லுதலேயாம். 'கண்டவர் யார்? சான்று யாது?' என்று அமைதியாக வினவுக. வினவியவுடன் பேச்சு தளர்தலைக் காண்பீர்கள். பழி முற்றி அடியும் உதையுமாயின், 181 என்னும் மகளிர் உதவி எண்ணுக்கும் காவல்நிலையத்திற்கும் அறிவித்தற்குத் தயங்கற்க.

மூன்றாவதே தலையாயது. வாயிலில் வந்து நிற்பாரை வெறுங்கையோடு அனுப்பாதிருத்தல். அரசு ஓய்வூதியமும் கூட்டுறவுக் கடையரிசியும் கைம்பெண்டிர்க்கும் முதியோர்க்கும் இன்றுண்டு; அவை நல்லன. எனினும் உறைமோரை எந்தக் கடையிலும் அரசு அளந்து தருவதில்லை. அஃது அண்டை வீட்டிலிருந்தே வரவேண்டும். விளக்கு வைத்தபின் கொடுத்தலாகாதென்னும் முறை இருப்பின், அம்முறைக்கு ஊறின்றி, 'பாட்டி, பாலையே கொண்டுவா. இங்கேயே உறையிட்டுத் தருகின்றேன்' என்று சொல்வதற்கு எந்த வழக்கமும் தடையன்று. அவ்வாறு கொடுத்த வீட்டில் மறுநாட் பசு நோயுற்றாலும், அவ்வீட்டார் நெஞ்சில் பாட்டியின் பெயர் எழாது. மருத்துவரின் பெயரே எழும்.

கீரனூர்ப் புறத்தினின்று போயின அப்பாட்டி இப்பொழுது எவ்வூரில் எவர் வாயிலில் நிற்கின்றாளோ அறியேம். அவளையொத்தார் நம் ஒவ்வோர் ஊரிலும் உளர். அவர்க்கு நாம் ஈவதொன்று உண்டாயின், அது வரும் மாலைப்பொழுதிலேயே தொடங்குவதாக.